நடுக் கண்ணாடியில் நிற்கும் வைப்பர்

வைப்பர் என்பது ஆறு மாதம் யாருக்கும் நினைவே வராத ஒரு சாமான். ஐப்பசி பிறந்தால்தான் அதற்கு மவுசு. புது வண்டி வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கவலையும் கிடையாது. ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும் குச்சியைத் தட்டினால் ஆடும், திருப்பித் தட்டினால் சமர்த்தாகக் கீழே போய்ப் படுத்துக்கொள்ளும். ஆஃப் செய்த நொடியில் கத்தி எங்கே இருந்தாலும், அது எப்படித் தன் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்துப் போய்ப் படுக்கிறது என்று யாராவது யோசித்ததுண்டா? யோசிக்க வேண்டிய கட்டாயம் மதுராந்தகத்தில் ஒரு பெரியப்பாவுக்கும், தாம்பரம் பக்கம் ஈ.ஈ.ஈ. இரண்டாம் வருஷம் படிக்கும் அவருடைய தம்பி மகனுக்கும் 2023 நவம்பரில் வந்தது.

பெரியப்பாவின் வண்டி 1988 மாடல் அம்பாசிடர், மார்க் 4, வெள்ளை. (வேறு என்ன கலர் இருக்க முடியும்!) இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் சீரீஸை அப்படியே இங்கே கொண்டுவந்து, கொல்கத்தா பக்கத்தில் உத்தரபாராவில் 2014 வரைக்கும் செய்துகொண்டிருந்த வண்டி. பெரியப்பா இதை விற்காமல் வைத்திருப்பதற்குப் பழம்பெருமை காரணமில்லை. பெரியம்மாவுக்கு வாரம் இரண்டு நாள் செங்கல்பட்டில் டயாலிசிஸ். நான்கு மணி நேரம் ஊசியோடு படுத்துவிட்டு எழுந்தால், உட்காரத் தெம்பிருக்காது. அம்பாசிடரின் பின் சீட்டில் ஒரு தலையணையைப் போட்டால் பெரியம்மா காலை மடக்கிப் படுத்தபடி வீடு வந்து சேரலாம். மருமகன் வாங்கித் தருகிறேன் என்று சொல்கிற சின்னக் காரில் அது நடக்காது. அதனால்தான் இந்த வண்டி.

இன்னொரு விஷயமும் இருந்தது. டிசம்பரில் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். பதினைந்து வருஷம் தாண்டிய சொந்தக் காருக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை இந்தச் சடங்கு. 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5000 ஆனது. வண்டியை நேரில் காட்ட வேண்டும், பிரேக் இன்ஸ்பெக்டர் பார்ப்பார். கண்ணாடி உள்ள வண்டிக்கு ஒழுங்காக ஓடும் வைப்பர் வேண்டும் என்பது 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே இருக்கிறது.

இந்த வண்டியின் வைப்பருக்கு ஒரு வரலாறு உண்டு. ஒரிஜினல் மோட்டார் எப்போதோ செத்துப்போய், புதுப்பேட்டையில் ஒரு லூக்காஸ் வகை மோட்டார் வாங்கி மாட்டியிருந்தார்கள். இரண்டு வேகம் உள்ளது, ஐந்து ஒயர். பழைய ஸ்விட்ச் இதற்குப் பொருந்தவில்லை. அன்றைக்கு மாட்டிக் கொடுத்தவர், கடையில் கிடைக்கும் சாதாரண டாகிள் ஸ்விட்ச் ஒன்றை டாஷ்போர்டுக்குக் கீழே திருகிவிட்டார். இரண்டே கால் உள்ள ஸ்விட்ச். ஒரு காலில் கரன்ட், மறு காலிலிருந்து மோட்டாரின் ஸ்லோ ஒயருக்கு. மிச்சத்தில் எர்த்தை மட்டும் பாடியில் இறுக்கிவிட்டு, மற்ற ஒயர்களை டேப் சுற்றி ஓரமாக விட்டார்.

விளைவு என்னவென்றால், ஆஃப் செய்தால் வைப்பர் அந்த நொடியில் எங்கே இருக்கிறதோ அங்கேயே நிற்கும். நடுக் கண்ணாடியில், டிரைவரின் கண்ணுக்கு நேராக, உருவிய கத்தி மாதிரி. பெரியப்பா இதற்கு ஒரு கலையே கற்று வைத்திருந்தார். கத்தி கீழே இறங்கி வரும்போது கண்ணை அதன் மேலேயே வைத்திருந்து, தொடும் நேரத்தில் ஸ்விட்சைத் தட்டுவார். பல வருஷப் பயிற்சி. பேரப்பிள்ளைகள் பின் சீட்டிலிருந்து கைதட்டும் அளவுக்குத் தேர்ச்சி. ஆனால் அந்த ஒரு நொடி ரோட்டைப் பார்க்காமல் வைப்பரைப் பார்க்கிறார் என்பதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

2023 ஆடி மாதம் வேறொரு எலக்ட்ரீஷியன் ஹாரன் பார்க்க வந்தார். டேப் சுற்றிக் கிடந்த ஒயர்களைப் பார்த்துவிட்டு, 'இது பார்க்கிங் ஒயராச்சே சார், இதை ஏன் சும்மா விட்டிருக்காங்க' என்று சொல்லி, ஒன்றைக் கரன்டிலும் இன்னொன்றை ஸ்லோ ஒயரிலும் முறுக்கி விட்டார். ஸ்விட்சை ஆஃப் செய்தால்... ஆகா! வைப்பர் தானாக நடந்து போய்க் கீழே படுத்தது. பெரியப்பா சந்தோஷத்தில் கூட இருபது ரூபாய் கொடுத்தார்.

அடுத்த வாரம் ஃபியூஸ் போனது. மாற்றினார்கள், மறுபடியும் போனது. அதே எலக்ட்ரீஷியன் வந்து, 'பழைய வண்டி, கொஞ்சம் லோடு இழுக்கும்' என்று சொல்லி ஃபியூஸ் இருக்கும் இடத்தில் செப்புக் கம்பியை நான்கு இழை முறுக்கிப் போட்டார். அதற்குப் பிறகு ஃபியூஸ் போகவே இல்லை. எப்படிப் போகும்? போவதற்கு அங்கே ஃபியூஸ் இருந்தால்தானே.

நவம்பர் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, செங்கல்பட்டிலிருந்து திரும்பும்போது இருட்டிவிட்டது. படாளம் தாண்டியதும் மழை கொட்ட ஆரம்பித்தது. ஜி.எஸ்.டி. ரோடு, பின்னால் லாரிகள். ஒரு பள்ளத்தில் வண்டி குதித்ததும் வைப்பர் அப்படியே நடுவில் நின்றுவிட்டது. ஸ்விட்சைத் தட்டினார், அசையவில்லை. கண்ணாடியில் தண்ணீர்த் திரை. எதிர் வண்டி வெளிச்சம் பட்டால் மொத்தமும் வெள்ளை. இண்டிகேட்டர் போட்டு ஓரம் கட்டலாம் என்றால், இண்டிகேட்டர் எரியவில்லை. பிரேக்கை அழுத்தியபடியே ஓரம் ஒதுங்கியபோது, பின்னால் வந்த லாரி கதறிக்கொண்டு ஒரு முழ இடைவெளியில் தாண்டிப்போனது. அதன் கிளீனர் கத்திக்கொண்டே போனது பாதிதான் கேட்டது: '...பிரேக் லைட் எங்கய்யா!' பிரேக் லைட்டும் எரியவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

மழை விடும் வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் ரோட்டோரம் நின்றார்கள். பெரியம்மா எதுவும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, 'இனிமே நான் இந்த வண்டியில ஏற மாட்டேங்க' என்றார். அவ்வளவுதான். திங்கட்கிழமை டயாலிசிஸுக்கு வாடகைக் கார் வந்தது. பெரியம்மா கூனிக்குறுகி உட்கார்ந்தபடியே போய், உட்கார்ந்தபடியே திரும்பி வந்தார்.

அந்தச் சனிக்கிழமை தம்பி மகன் ஊருக்கு வந்தான்.

வந்ததும் அவன் வண்டியைத் தொடவில்லை, கேள்விதான் கேட்டான். அது நல்ல பழக்கம். "பெரியப்பா, நிக்கறதுக்கு முன்னாடி இந்த நாலு மாசமா வேற ஏதாவது வித்தியாசமா இருந்துச்சா?"

பெரியப்பா யோசித்தார். "ஒண்ணும் இல்லடா தம்பி. வைப்பர் போட்டா மீட்டர் லைட் கண்ணடிக்கும், அவ்வளவுதான். பழைய வண்டிதானே, நமக்கும் கண்ணு துடிக்கிற மாதிரின்னு விட்டுட்டேன்."

"எப்ப கண்ணடிக்கும்? எப்பவுமா, இல்ல ஒவ்வொரு தடவை தொடைக்கும்போதும் ஒரு தடவையா?"

"ஒரு தடவை. கீழ வந்து திரும்பும்போது."

விடை இந்த இடத்திலேயே கிடைத்துவிட்டது. ஏன் என்று புரிய வைப்பர் மோட்டாரின் உள்ளே கொஞ்சம் போக வேண்டும். (எலக்ட்ரிக்கல் பேப்பரில் அரியர் வைத்திருக்கும் நண்பர்களும் தைரியமாகத் தொடரலாம்.)

மோட்டார் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது ஒரு பல்சக்கரத்தை மெதுவாகச் சுற்றுகிறது. பல்சக்கரம் ஒரு முழுச் சுற்று வந்தால் வைப்பர் ஒரு முறை போய்த் திரும்புகிறது. அந்தப் பல்சக்கரத்தோடு ஒட்டினாற்போல ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கிறது. இதைத்தான் பார்க் ஸ்விட்ச் என்கிறார்கள். அதற்கு வேலை ஒன்றே ஒன்று: பார்க் ஒயரை யாரோடு சேர்ப்பது என்று முடிவு செய்வது. வைப்பர் படுக்கும் இடத்தைத் தவிர வேறு எங்கிருந்தாலும் பார்க் ஒயரைப் பேட்டரியின் கரன்டோடு சேர்த்து வைக்கும். சரியாகப் படுக்கும் இடத்துக்கு வந்ததும் கரன்டிலிருந்து பிரித்து எர்த்தோடு சேர்த்துவிடும்.

டாஷ்போர்டில் இருக்கும் ஸ்விட்ச் ஒரிஜினலாக இருந்தால், ஆஃப் என்றால் வெறும் ஆஃப் இல்லை. ஆஃப் நிலையில் அது மோட்டாரின் ஸ்லோ ஒயரைப் பார்க் ஒயரோடு இணைக்கிறது. நீங்கள் ஆஃப் செய்யும்போது வைப்பர் நடுவில் இருந்தால், பார்க் ஒயரில் கரன்ட் இருக்கிறது, ஆகவே மோட்டார் தொடர்ந்து ஓடுகிறது. படுக்கும் இடம் வந்ததும் பார்க் ஒயர் எர்த் ஆகிறது. கரன்ட் நின்றுவிட்டது. சரி, கரன்டை நிறுத்தினால் போதாதா, எதற்கு எர்த்தோடு வேறு சேர்க்க வேண்டும்?

அங்கேதான் அழகு இருக்கிறது. கரன்ட் நின்றாலும் மோட்டார் உடனே நிற்காது, வேகத்தில் இன்னும் கொஞ்சம் ஓடும். ஓடினால் படுக்கும் இடத்தைத் தாண்டிவிடும், தாண்டினால் பார்க் ஸ்விட்ச் மறுபடி கரன்ட் கொடுக்கும், மறுபடி ஒரு சுற்று. ஆஃப் செய்தும் நிற்காத வைப்பர்! ஆனால் காந்தம் உள்ள மோட்டாரைக் கரன்ட் இல்லாமல் சுற்றினால் அது டைனமோ. அதன் இரண்டு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால், தான் உண்டாக்கும் கரன்டே தன்னைப் பிடித்து நிறுத்தும். சந்தேகம் இருந்தால் பழைய பொம்மைக் காரின் மோட்டாரை எடுத்து விரலால் சுற்றிப் பாருங்கள், பிறகு இரண்டு ஒயரையும் ஒன்றாக முறுக்கிவிட்டுச் சுற்றிப் பாருங்கள். எண்ணெயில் சுற்றுகிற மாதிரி இறுகும். ஸ்லோ ஒயரும் எர்த், மறுமுனையும் எர்த் என்றதும் வைப்பர் மோட்டாருக்கு அதுதான் பிரேக்.

இப்போது ஆடி மாத எலக்ட்ரீஷியன் செய்த வேலைக்கு வருவோம். அவர் பார்க் ஒயரை ஸ்லோ ஒயரோடு நிரந்தரமாக முறுக்கிவிட்டார். ஆஃப் நிலையில் அது மிகச் சரி, அதனால்தான் அழகாகப் படுத்தது. ஆன் நிலையில்? டாகிள் ஸ்விட்ச் ஸ்லோ ஒயருக்குக் கரன்ட் கொடுத்துக்கொண்டிருக்கிறது. வைப்பர் கீழே வருகிறது. பார்க் ஸ்விட்ச் தன் கடமையைச் செய்கிறது, பார்க் ஒயரை எர்த்தில் சேர்க்கிறது. பேட்டரியின் கரன்ட் ஸ்விட்ச் வழியாக ஸ்லோ ஒயருக்கு வந்து, முறுக்கு வழியாகப் பார்க் ஒயருக்குத் தாவி, நேராக எர்த்துக்கு! நடுவில் எந்தத் தடையும் இல்லை. சுத்தமான ஷார்ட் சர்க்யூட். ஒரு கண் இமைக்கும் நேரம்தான், ஆனால் ஒவ்வொரு துடைப்புக்கும் ஒரு தடவை. வைப்பர் நிமிடத்துக்கு நாற்பத்தைந்து, ஐம்பது முறை துடைக்கும். நாற்பத்தைந்து, ஐம்பது ஷார்ட். மீட்டர் லைட் கண்ணடித்தது அதனால்தான்.

ஃபியூஸ் பாவம், தன்னால் முடிந்தவரை இரண்டு முறை உயிரைக் கொடுத்து எச்சரித்தது. அதன் வாயை செப்புக் கம்பி போட்டு அடைத்தார்கள். அந்தச் சூட்டில் ஃபியூஸ் பாக்ஸின் கிளிப் நாளாக நாளாகத் தளர்ந்து, படாளம் பக்கத்துப் பள்ளத்தில் ஒரேயடியாகக் கழன்றது. அந்த வண்டியில் அதே ஃபியூஸில்தான் இண்டிகேட்டரும் பிரேக் லைட்டும் இருந்தன.

பையன் பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிட்டு, டாஷ்போர்டுக்குக் கீழே மல்லாக்கப் படுத்து டார்ச் அடித்தான். ஸ்விட்சுக்கு வரும் ஒயரின் மேல்தோல் ஒரு சாண் நீளத்துக்கு உருகி, பக்கத்து ஒயரோடு ஒட்டியிருந்தது. கருகல் வாடை இன்னும் போகவில்லை. அவன் வெளியே வந்து அதைப் பெரியப்பாவிடம் மட்டும் காட்டினான். பெரியப்பா கையில் வாங்கி, நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "உங்க பெரியம்மா கிட்ட இத காட்டாதடா" என்றார்.

உண்மையில் காட்டியிருக்கலாம். நெருப்பு எப்படிப் பிடிக்கும் என்று தெரிந்துகொள்ள உரிமை உள்ளவர் பின் சீட்டில் படுத்து வருபவர்தான்.

சரி, வேலை. முதல் பிரச்சினை, ஐந்து ஒயரில் எது எது? லூக்காஸ் வழக்கப்படி கருப்பு எர்த், பச்சை கரன்ட், சிவப்பில் வெளிர்பச்சைக் கோடு ஸ்லோ, நீலத்தில் வெளிர்பச்சைக் கோடு ஃபாஸ்ட், பழுப்பில் வெளிர்பச்சைக் கோடு பார்க். புத்தகத்தில் அப்படித்தான். வண்டியில் ஐந்துமே செம்மண் கலர். அதுவும் புதுப்பேட்டை மோட்டார், இடையில் எத்தனை கை மாறியதோ. ஆகவே கலரை நம்பாமல் சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

அவன் வைப்பர் கைகள் இரண்டையும் கழற்றினான். மோட்டாரின் எல்லா ஒயரையும் பிரித்தான். எர்த் ஒயரைப் பேட்டரி நெகட்டிவில் கொடுத்து, பாசிட்டிவிலிருந்து ஒரு ஹெட்லைட் பல்பு வழியாக மற்ற ஒயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டான். பல்பு எதற்கு என்றால், தப்பான இடத்தைத் தொட்டால் பல்பு பளிச்சென்று எரியும், ஒயர் எரியாது. இரண்டு ஒயர்களில் மோட்டார் சுற்றியது. பல்பை எடுத்துவிட்டு ஃபியூஸ் வழியாக நேரடியாகக் கொடுத்தபோது மெதுவாகச் சுற்றியது ஸ்லோ, வேகமாகச் சுற்றியது ஃபாஸ்ட். (உள்ளே மூன்றாவதாக ஒரு கார்பன் பிரஷ் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருக்கும், அதன் வழியாகக் கொடுத்தால் குறைந்த சுற்றுகளே வேலை செய்வதால் மோட்டார் வேகமாக ஓடும். தடையைக் கூட்டிக் குறைத்து வேகம் மாற்றும் வித்தை இதில் இல்லை.) மீதி இரண்டு ஒயர் பார்க் ஸ்விட்சுடையவை. கரன்டை எடுத்துவிட்டு, மல்டிமீட்டரை எர்த்துக்கும் அவற்றுக்கும் நடுவில் வைத்து, மோட்டாரைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே போனான். ஒரே ஒரு இடத்தில் மட்டும் 'பீப்' என்று கத்திய ஒயர் பார்க். எந்த இடத்திலும் கத்தாதது கரன்ட் ஒயர்.

எல்லா மோட்டாரும் இப்படி இருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதைவிடப் பழைய லூக்காஸ் மோட்டார்கள் சிலவற்றில் காந்தத்துக்குப் பதில் காயில்தான் இருக்கும், ஸ்விட்ச் எர்த் பக்கத்தில் இருக்கும். அதற்கு இந்த முறையைச் செய்தால் புகை வரும். லூக்காஸ் கம்பெனிக்கு இங்கிலாந்தில் 'இருளின் இளவரசன்' என்றே பட்டப்பெயர், அதன் விளக்குகளும் வைப்பர்களும் நடுரோட்டில் கைவிடும் என்ற கிண்டல். பாதி நியாயம், மீதி உரிமையாளர்கள் நான்கு இழை செப்புக் கம்பி போட்டதனால் வந்திருக்கும். சென்னை பாடியில் லூக்காஸ் டிவிஎஸ் 1961-ல் ஆரம்பித்த பிறகு இங்கே ஓடிய வண்டிகளின் வைப்பர் மோட்டார், ஸ்டார்ட்டர் மோட்டார் பலவும் அங்கிருந்துதான் வந்தன, அவற்றில் பல இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

அடுத்தது ஸ்விட்ச். ஒரிஜினல் ஸ்விட்ச் தேடுவதில் அர்த்தமில்லை, மோட்டாரே ஒரிஜினல் இல்லை. என்ன வேண்டும் என்று பேப்பரில் போட்டுப் பார்த்தான். ஆன் என்றால் ஸ்லோ ஒயர் கரன்டோடு, ஆஃப் என்றால் ஸ்லோ ஒயர் பார்க்கோடு. ஒரு ஒயர், இரண்டு வழி. மாடிப்படி லைட்டுக்குப் போடுவோமே டூ-வே ஸ்விட்ச், அதேதான்! மூன்று கால். நடுக் கால் மோட்டாருக்கு, ஒரு ஓரம் கரன்டுக்கு, மறு ஓரம் பார்க்குக்கு. ஸ்லோவும் பார்க்கும் ஆஃப் நிலையில் மட்டும் தொடும், ஆனில் பிரிந்துவிடும். ஷார்ட்டுக்கு வழியே இல்லை.

இரண்டாவது வேகத்துக்கு? அதற்கு இன்னொரு டூ-வே. முதல் ஸ்விட்சின் நடுக் காலை நேரே மோட்டாருக்கு விடாமல், இரண்டாவது ஸ்விட்சின் நடுக் காலுக்குக் கொடுத்தால், அதன் ஓரக் கால்கள் ஒன்று ஸ்லோவுக்கு, ஒன்று ஃபாஸ்ட்டுக்கு. முதலாவது ஓடவா, படுக்கவா என்று தீர்மானிக்கும், இரண்டாவது மெதுவாகவா, வேகமாகவா என்று. ஒரே நேரத்தில் இரண்டு பிரஷ்ஷுக்கும் கரன்ட் போகவும் முடியாது. ஃபாஸ்ட்டில் இருக்கும்போது ஆஃப் செய்தாலும் பார்க் வேலை செய்யும். நூறு ரூபாய்ச் சாமானில் இவ்வளவு ஒழுங்கு கிடைப்பது அபூர்வம்.

வீட்டு ஸ்விட்சையே மாட்டிவிடலாமே என்று பெரியப்பா கேட்டார், கேட்க வேண்டிய கேள்விதான். வீட்டில் வருவது ஏ.சி. கரன்ட். அது நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டுப் போவதால், ஸ்விட்ச் பிரியும்போது வரும் பொறி தானே அணைந்துவிடும். பேட்டரி கரன்ட் பூஜ்யத்தைத் தொடாது, பொறி கொஞ்சம் நீண்டு நின்று முனையைத் தின்னும். அதனால் வண்டிக்கென்று செய்த, பதினைந்து இருபது ஆம்பியர் தாங்கும் டாகிள்தான் வேண்டும்.

திங்கட்கிழமை கல்லூரி முடிந்து ஜி.பி. ரோடு போனான். கடைக்காரர் இரண்டு கால் ஸ்விட்சை எடுத்துப் போட்டார்.

"மூணு கால் வேணும்ண்ணே."

மூன்று கால் வந்தது. தட்டிப் பார்த்தான், குமிழ் நடுவில் ஒரு முறை நின்றது. இது ஆன்-ஆஃப்-ஆன். நடுவில் நின்றால் எதோடும் சேராது, வைப்பர் பழையபடி நட்டநடுவில் நின்றுவிடும். "நடுவுல நிக்காதது இருக்காண்ணே? இந்தப் பக்கம் இல்லன்னா அந்தப் பக்கம், ரெண்டே ரெண்டு."

"எதுக்கு தம்பி?"

"வைப்பருக்கு. அம்பாசிடர்."

கடைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னும் ஓடுதா?" உள்ளே போய் இரண்டு எடுத்து வந்தார். ஒன்றரை சதுர மில்லிமீட்டர் ஒயர் கொஞ்சம், தனியாக ஒரு ஃபியூஸ் ஹோல்டர், பத்து ஆம்பியர் ஃபியூஸ் நான்கு. வைப்பர் ஓடும்போது எடுப்பது இரண்டு, மூன்று ஆம்பியர்தான். காய்ந்த கண்ணாடியில் கூடும், கத்தி மாட்டிக்கொண்டால் இன்னும் கூடும். அதற்குப் பத்து போதும்.

அடுத்த சனிக்கிழமை காலை வேலை ஆரம்பமானது. வங்கக்கடலில் புயல் சின்னம் என்று டி.வி.யில் சொல்லிக்கொண்டிருந்தார்கள் (அதுதான் பிறகு மிக்ஜாம் ஆனது). உருகிய ஒயரை முழுதாக வெட்டி எறிந்தான். ஃபியூஸ் பாக்ஸின் கிளிப்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இடுக்கியால் இறுக்கி, செப்புக் கம்பிக்குப் பதில் சரியான ஃபியூஸ் போட்டான். பிரேக் லைட்டும் இண்டிகேட்டரும் அதில் இருக்கட்டும். வைப்பரைத் தனி ஃபியூஸுக்கு மாற்றினான். இனி வைப்பரில் எது நடந்தாலும் பிரேக் லைட் அணையாது. வேலை முழுக்கவுமே இதற்காகத்தான் என்று சொன்னாலும் தப்பில்லை.

பாதி வேலையில் ஆடி மாத எலக்ட்ரீஷியன் வந்து சேர்ந்தார். பெரியப்பாதான் சொல்லியனுப்பியிருந்தார், திட்டுவதற்காக. வந்தவர் திட்டு வாங்கும் முன்பே வண்டிக்குள் தலையை விட்டுவிட்டார். பையன் பேப்பரைக் காட்டி, ஆன் நிலையில் கரன்ட் போகும் வழியை விரலால் இழுத்துக் காட்டினான். அவர் இரண்டு முறை திரும்ப இழுத்துப் பார்த்தார். "அட... படுத்துச்சுன்னு பாத்தேன். ஓடும்போது என்ன ஆவும்னு பாக்கல தம்பி." பெரியப்பாவுக்கு அதற்கு மேல் திட்ட வரவில்லை. அவரே டீ வாங்கப் போனார்.

பேட்டரியை மாட்டி, கைகள் இல்லாமலே மோட்டாரை ஓடவிட்டார்கள். ஸ்லோ, ஃபாஸ்ட், ஆஃப். எத்தனை தடவை எங்கே ஆஃப் செய்தாலும் தண்டு ஒரே இடத்தில் போய் டக்கென்று நின்றது. அந்த நிலையில்தான் வைப்பர் கைகளைக் கீழே படுத்தபடி வைத்து மாட்ட வேண்டும். முன்பே மாட்டியிருந்தால், மோட்டார் பார்க்குக்குப் போகும்போது கை எங்கே போய் இடிக்கும் என்று சொல்ல முடியாது. கண்ணாடியில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிவிட்டு (காய்ந்த கண்ணாடியில் ஓட்டினால் கீறல் விழும்) ஸ்விட்சைத் தட்டினான். மீட்டர் லைட் கண்ணடிக்கவில்லை.

பெரியப்பா டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஆன் செய்தார். கத்தி கீழே இறங்கும்போது கண் தானாக அதன் மேல் போனது, விரல் ஸ்விட்சில் காத்திருந்தது. பல வருஷப் பழக்கம் அல்லவா. "பெரியப்பா, அத பாக்காதீங்க. ரோட்ட பாருங்க. எப்ப வேணா தட்டுங்க." மூன்றாவது தடவைதான் அவரால் பார்க்காமல் தட்ட முடிந்தது.

அடுத்த டயாலிசிஸுக்கும் வாடகைக் கார்தான் வந்தது. பெரியம்மாவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. புயல் கரையைக் கடந்து இரண்டு நாள் கழித்து, மழை தூறிக்கொண்டிருந்த காலையில், அவரே திண்ணையிலிருந்து இறங்கி வந்து டிரைவர் சீட்டுப் பக்கம் நின்றார். "கண்ணு அத போடச் சொன்னானே, போடுங்க பாப்போம்" என்றார். பெரியப்பா போட்டார். நிறுத்தச் சொன்னார், நிறுத்தினார். "பிரேக்க அழுத்துங்க." வண்டியைச் சுற்றிப் பின்னால் போய்ப் பார்த்தார். இரண்டு லைட்டும் எரிந்தன. பிரேக் இன்ஸ்பெக்டர் பத்து நாள் கழித்துப் பார்த்தது இவ்வளவு கறாராக இல்லை. அவர் வைப்பரை ஒரு தடவை போடச் சொல்லிவிட்டு ஹாரனுக்குப் போய்விட்டார். ஆர்.சி. கிடைத்துவிட்டது. 2028 வரை செல்லும்.

தலையணை மறுபடி பின் சீட்டுக்குப் போனது.

பையன் கல்லூரிக்குக் கிளம்பும் முன், ஐந்து ஒயரையும் இரண்டு ஸ்விட்சையும் ஒரு தாளில் வரைந்து, எது எங்கே போகிறது என்று தமிழில் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு டாஷ்போர்டு அறைக்குள் ஒட்டினான். கடைசி வரி: 'ஃபியூஸ் போனால் கம்பி போடாதீர்கள், என்ன ஷார்ட் என்று பாருங்கள்.' எலக்ட்ரீஷியன் அதை மொபைலில் போட்டோ எடுத்துக்கொண்டார். பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுதும் படித்தார்.

"எழுத்து ரொம்பப் பொடிசா இருக்குடா" என்றார்.